நட்சத்திரத்துக்கு இடுப்பளவு எடுக்கும் மலை

“ஷூவுக்கு மேலே இதை மாட்டிக்கோங்க” என்று நீல நிற உறைகள் இரண்டை நீட்டுகிறார் இரவுப் பணியாளர். கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே கால் வைக்கும்போது நெஞ்சுக்குள் ஒன்று படபடக்குமே, அதே படபடப்பு எனக்கு. இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நட்சத்திரங்களின் குறுக்களவை அளக்கிறார்கள். எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் வெறும் புள்ளிதான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களே, அந்த நட்சத்திரங்களை! “பத்து நிமிஷம்தான். வேலை ஆரம்பிச்சிட்டா நானே உள்ளே போக மாட்டேன்” என்கிறார். பத்து நிமிஷம் தாராளம். வாங்க, சத்தம் போடாமல் என் பின்னாலேயே வாங்க.

உள்ளே போனதும் கண்ணில் படுவது தண்டவாளம். ஆமாம், தண்டவாளமேதான்! நாற்பது மீட்டருக்கும் மேல் நீளமாக, பக்கம்பக்கமாக, ஆறு தடங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்ன வண்டி. வண்டியில் பயணி கிடையாது, கண்ணாடிதான் உட்கார்ந்திருக்கிறது. எழும்பூர் நடைமேடையில் முதன்முதலாக ரயிலைப் பார்த்த குழந்தைபோல நான் நின்றுவிட, “எல்லாரும் இந்த இடத்துலதான் நிப்பாங்க” என்று சிரிக்கிறார். பக்கத்து மேசைகளில் இன்னும் வேடிக்கை. உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடிகள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன; ஒன்று இந்தப் பக்கம் பார்க்கிறது, ஒன்று அந்தப் பக்கம். இடையில் புகுந்து புறப்படும் ஒயர்கள், கையெழுத்தில் பெயர் எழுதி ஒட்டிய நாடாத் துண்டுகள், யாரோ மறந்துவிட்டுப் போன திருகுசாவி. “அதைத் தொடாதீங்க” என்கிறார். நான் மூச்சைக்கூட அளந்துதான் விடுகிறேன்.

வண்டி எதற்கு? இந்த மலைமேல் ஆறு இடங்களில் ஆறு தொலைநோக்கிகள் இருக்கின்றன. ஒரே நட்சத்திரத்தின் ஒளி ஆறிலும் விழுகிறது, ஆனால் ஒரே கணத்தில் அல்ல. நட்சத்திரம் கிழக்கே சாய்ந்திருந்தால் கிழக்குத் தொலைநோக்கிக்கு முந்தி வரும், மேற்கில் இருப்பதற்குக் கொஞ்சம் பிந்தி. முந்தி வந்த ஒளியைச் சற்றே சுற்றவிட்டு, பிந்தி வந்ததோடு கைகோத்து அனுப்ப வேண்டும். அந்தச் சுற்றுவழியைக் கூட்டிக் குறைப்பவைதான் இந்த வண்டிகள். பூமி சுழல்கிறதே, அதனால் வண்டி நிற்கவே கூடாது. இரவு முழுக்க ஊர்ந்துகொண்டே இருக்கும். ஊர்கிற கணக்கில் தலைமுடிப் பருமனில் ஐம்பதில் ஒரு பங்கு பிசகினாலும் போச்சு.

பத்து நிமிஷக் கணக்கின் காரணமும் இப்போது புரிகிறது. சும்மா நிற்கிற மனித உடம்பு கிட்டத்தட்ட 100 வாட் குண்டு பல்பு அளவுக்குச் சூட்டை வெளியே விடுகிறது. அந்தச் சூட்டில் காற்று அசையும். காற்று அசைந்தால் ஒளி அசையும். அதனால் கட்டடத்துக்குள்ளேயே இன்னொரு கட்டடமாக இந்த அறையைக் கட்டி, வெப்பத்தைக் கட்டிக்காக்கிறார்கள். “உங்க சந்தோஷமே அறையைச் சூடாக்கிடும், வாங்க வெளியே போவோம்” என்கிறார் மனிதர். என்ன அழகான வெளியேற்றம்!

எங்கே இருக்கிறோம் என்று சொல்ல மறந்துவிட்டேனே. கலிபோர்னியாவின் வில்சன் மலை. உயரம் 1,740 மீட்டர், ஏறத்தாழ நம் குன்னூர் உயரம். கீழே பசடீனா, அதற்கப்பால் கடல்வரைக்கும் லாஸ் ஏஞ்சலஸ். பசடீனாவில் இருக்கும் என் தம்பிதான் காரில் ஏற்றிவந்தான். வளைந்து வளைந்து ஏறும் பாதையின் இருபுறமும் கரிந்த மரங்கள் இன்னும் நிற்கின்றன. 2020 செப்டம்பரில் எழுந்த காட்டுத்தீ இந்த வளாகத்தின் ஓரம்வரை வந்து, தீயணைப்புப் படையினரின் கடும் உழைப்பால் நின்றது. “அக்கா, இவ்வளவு பெரிய ஊரு வெளிச்சத்துக்கு மேல நின்னு என்ன தெரியும்?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். மங்கலான விண்மீன்களுக்கு இந்த வெளிச்சம் பகைதான். ஆனால் அளவெடுப்பவர்களுக்கு வேண்டியது இருட்டைவிட அசையாத காற்று. பசிபிக் கடலிலிருந்து வரும் குளிர்காற்று கீழே பள்ளத்தாக்கில் படிந்துவிட, மலையுச்சிக்கு மேலே காற்று சாதுவாகத் தவழ்கிறது. 1904-இல் வானியலாளர் ஜார்ஜ் எல்லரி ஹேல் இந்த உச்சியைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

மத்தியானம் வந்தவுடன் காட்டுக்குள் ஒரு நடை போனோம். பைன் மரங்களுக்கு நடுவே, தரையிலிருந்து தூக்கிய கால்கள்மேல், வெள்ளி நிறக் குழாய்கள் சரிவைத் தாண்டி ஓடுகின்றன. தண்ணீர்க் குழாய் என்று தம்பி நினைத்துவிட்டான். அவற்றுக்குள் தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை; வெற்றிடம். ஒவ்வொரு தொலைநோக்கியிலிருந்தும் நட்சத்திர ஒளி இந்தக் குழாய் வழியாகத்தான் நான் பார்த்த அறைக்கு வந்து சேர்கிறது. உள்ளே இன்னொரு குழாய்த் தொகுதி உண்டு, வேறு வேறு நீளங்களில் வரிசையாக. அதற்கு இவர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர், கிரேக்கக் கதையில் வரும் பான் என்ற இடையர் தெய்வத்தின் குழல். சாரா என்ற பெயரும் அப்படித்தான். ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் நடத்தும் இந்த ஆறு தொலைநோக்கித் தொகுதியின் பெயர்ச்சுருக்கம் அது; அதே பெயரில் வானத்தில் ஒரு நட்சத்திரமும் இருக்கிறது. கிரேக்கத்தில் அதற்கு ‘மகிழ்ச்சி’ என்று பொருளாம். எனக்கு அது நூற்றுக்கு நூறு பொருந்துகிறது.

தொலைநோக்கி ஒவ்வொன்றும் 1 மீட்டர் அகலந்தான். ஆனால் மிகத் தள்ளியிருக்கும் இரண்டுக்கு நடுவே 331 மீட்டர். அந்த இரண்டின் ஒளியையும் ஒழுங்காகச் சேர்த்துவிட்டால், நுணுக்கம் பார்ப்பதில் 331 மீட்டர் அகலத் தொலைநோக்கிக்குச் சமம்.

எவ்வளவு நுணுக்கம்? ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 27 மில்லிமீட்டர் அகலம். அதை வேலூர்க் கோட்டை மதில்மேல் வைத்துவிட்டு, சென்னை மெரினாவில் நின்று பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். வானத்தில் திருவாதிரையின் அகலம் கிட்டத்தட்ட அவ்வளவு. நாணயத்தைத் தில்லிக்குக் கொண்டுபோனால் திருவோணம். தென்கொரியாவின் சியோலில் வைத்தால்? சாராவுக்கு அதுவும் எட்டும். அதைவிடச் சிறியதும் எட்டும்.

திருவாதிரை, திருவோணம் என்று ஜாதகத்தில் எழுதுகிற பெயர்களை நான் இங்கே இழுக்கவில்லை, அவை தாமாகவே வந்து நிற்கின்றன. பீட்டல்ஜூஸ் என்று இங்கே சொல்லுகிற சிவப்பு விண்மீன்தான் நம் திருவாதிரை. சூரியனைத் தவிர்த்து மனிதர் முதன்முதலாக அளவெடுத்த நட்சத்திரம் அதுதான். எடுத்த இடம் இதே மலை. அளவெடுத்த மண்டபத்துக்குப் போவோமா?

வெள்ளைக் குவிமாடத்தின் உள்ளே மாடிப்படி ஏறினால், கப்பலின் எலும்புக்கூடுபோல் ரிவெட் அடித்த இரும்புச் சட்டம். 1917-இல் கண் திறந்த 100 அங்குல ஹூக்கர் தொலைநோக்கி. பிரான்சில் வார்த்த கண்ணாடி, மதுப்புட்டிப் பச்சை. வானியலாளர் எட்வின் ஹப்பிள் உட்கார்ந்து பார்த்த மர நாற்காலி இன்னும் இங்கே இருக்கிறது. கட்டுமானச் சரக்குகளைக் கோவேறு கழுதைகளில் மலையேற்றிய மில்டன் ஹியூமசன் என்ற இளைஞர், பிறகு இங்கேயே துப்புரவுப் பணியாளராகச் சேர்ந்து, இரவு உதவியாளராகி, கடைசியில் பேர்பெற்ற வானியலாளரே ஆகிவிட்டார். இந்த மண்டபத்தின் எண்ணெய் வாசனைக்கு அப்படி ஒரு வசியம் இருக்கிறது, நம்புங்கள்.

நட்சத்திரத்தை அளக்க வந்த இயற்பியலாளர் ஆல்பர்ட் மைக்கேல்சனுக்கு இந்தத் தொலைநோக்கியின் பெரிய கண்ணாடியைவிட அதன் உடல்வலிமைதான் தேவைப்பட்டது. 20 அடி நீள இரும்பு உத்தரம் ஒன்றை இதன் வாய்க்குக் குறுக்கே ஏற்றினார்கள். உத்தரத்தில் ஆறங்குலக் கண்ணாடிகள் நான்கு; வெளிப்பக்கத்து இரண்டையும் நெருக்கலாம், விலக்கலாம். இரண்டிலும் பட்டு வந்த ஒளி ஒன்றுசேரும்போது, நட்சத்திரப் பொட்டின்மேல் மெல்லிய கருப்பு வெள்ளை வரிகள் தெரியும். ஃப்ரிஞ்ச் என்பார்கள் இங்கே. கோடு போட்ட இரண்டு கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நகர்த்திப் பாருங்கள்: ஒன்றின் கருப்பு மற்றதன் வெள்ளைமேல் விழும் இடத்தில் கோடே காணாமல் போகும். நட்சத்திரத்தின் இடது ஓரம் ஒரு வரிசை வரி போடும். வலது ஓரம் சற்றே தள்ளி இன்னொரு வரிசை. கண்ணாடிகளை விலக்க விலக்க இரண்டும் ஒன்றையொன்று அழிக்கத் தொடங்கும். வரி மறைகிற இடைவெளி தெரிந்தால் நட்சத்திரத்தின் அகலம் தெரிந்துவிடும்.

1920 டிசம்பர் 13. சூடேற்றாத மண்டபம், மலைக்குளிர். மைக்கேல்சனின் கூட்டாளிகள் பிரான்சிஸ் பீஸும் ஜான் ஆண்டர்சனும் கண்ணைக் குவியத்தில் வைத்துக் காத்திருக்கிறார்கள். கேமரா இல்லை, நடுங்குகிற வரியை நடுங்குகிற கண்ணால்தான் பிடிக்க வேண்டும். கண்ணாடிகளுக்கு இடையே 121 அங்குலம் இருக்கும்போது திருவாதிரையில் வரியைக் காணோம். கருவி கெட்டுவிட்டதா? வேறு நட்சத்திரங்களுக்குத் திருப்புகிறார்கள். வரி பளிச்சென்று இருக்கிறது. கருவி சரி. அப்படியானால் மறைந்தது உண்மையிலேயே மறைந்ததுதான்! கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் போவதற்காக இரண்டு பேர் பனியில் காத்திருந்து, தெரியாமல் போனதும் பூரித்த இரவு அது. கணக்குப் போட்டால் 0.047 விநாடிக் கோணம். அன்று தெரிந்த தொலைவை வைத்துப் பெருக்கினால், சூரியனைச் சுற்றும் பூமியின் பாதையையே உள்ளே விழுங்கிக்கொள்ளும் அளவு. பிறகு அதே உத்தரத்தால் சுவாதி, ரோகிணி, கேட்டை என்று வரிசையாக அளந்தார் பீஸ். பக்கத்துக் காட்சிக்கூடத்தில் அந்த உத்தரம் இப்போது சாதாரணமாகக் கிடக்கிறது, ஏதோ வீடு கட்டி மிஞ்சிய கர்டர்போல. நான் இரண்டு முறை சுற்றிச் சுற்றி வந்தேன்.

இரவு உணவுக்கு முன்னால் வானியலாளர்கள் தங்கும் விடுதியைக் காட்டினார்கள். பெயர் ‘மடாலயம்’. பகலில் தூங்குகிறவர்களுக்காகச் சன்னலெல்லாம் இருட்டு. பெயருக்கேற்ப ஆண்கள் மட்டுமே தங்கிய இடம் இது ஒருகாலத்தில். 1950-களில் வானியலாளர் மார்கரெட் பர்பிட்ஜ் இங்கே வேலை செய்தபோது தொலைநோக்கி நேரம் கணவர் பெயரில்தான் கிடைத்தது. மடாலயத்தில் இடமில்லாமல் தனிக் குடிலில் தங்கினார். அந்தக் கதவைத் தாண்டும்போது அவரை நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு உள்ளே வரவேற்றுத் தேநீர் கொடுத்தவர் ஓர் இளம்பெண் ஆய்வாளர்.

இரவு எட்டு மணி. கட்டுப்பாட்டு அறை. திரைகள், திரைகள், இன்னும் திரைகள். மேசையில் பாதி குடித்த காப்பிக் கோப்பை, உலர்பழப் பொட்டலம், ஒரு கம்பளித் தொப்பி. வானத்தைப் பார்க்க சன்னல்கூட இல்லை! ஒரு திரையில் காற்றின் வேகம், ஒன்றில் ஈரப்பதம். விசைப்பலகையைத் தட்டினால் மலைமேல் எங்கோ மண்டபம் திறக்கிறது. “மேற்கு ஒண்ணு ரெடி. தெற்கு ரெண்டு ரெடி. கிழக்கு ஒண்ணு, என்ன உங்க பிரச்சினை?” என்று தொலைநோக்கிகளோடு பள்ளி வாத்தியார்போலப் பேசுகிறார் அவற்றை இயக்கும் இயக்குநர். பிரச்சினை பெரிதில்லை, இரண்டாம் முறை தட்டியதும் வழிக்கு வந்தது.

முதல் நட்சத்திரத்துக்குப் பெயரே இல்லை, பட்டியல் எண் மட்டும். எண்ணைத் தட்டியதும் ஆறு தொலைநோக்கிகளும் திரும்ப, தண்டவாளத்தில் வண்டிகள் ஓட, இப்போது தொடங்குகிறது வரிவேட்டை. ஒளி சந்திக்க வேண்டிய சரியான புள்ளி எங்கே என்று யாருக்கும் முன்கூட்டித் துல்லியமாகத் தெரியாது. வண்டியை இம்மியிம்மியாக நகர்த்தித் தேட வேண்டும். திரையில் வெறும் இரைச்சல், மழைபெய்யும் பழைய டிவிபோல. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். யாரும் பேசவில்லை. இயக்குநர் தொப்பியைக் கழற்றுகிறார், மாட்டுகிறார். இளம்பெண் ஆய்வாளர் பேனா மூடியைக் கடிக்கிறார். என் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அதோ!”

இரைச்சலுக்கு நடுவே ஒரு சின்ன நெளிவு. நெளிவு கூர்மையாகி, எழுந்து, நின்றது. ஃப்ரிஞ்ச்! அறையில் இருந்த எல்லோரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தோம். வருஷக்கணக்கில் இதே வேலை செய்கிற இயக்குநர்கூட மேசையில் தாளம் போட்டார். அடுத்த கணமே, “சரி, இப்போ ஒப்பீட்டு நட்சத்திரம்” என்று வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள்! அளவு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி இங்கே வர வேண்டுமாம். கடைக்காரர் படிக்கல்லைச் சரிபார்த்துவிட்டுத் தராசைத் தொடுகிற மாதிரி. இரவு முழுக்க இதுவே: வேண்டியது, படிக்கல், வேண்டியது, படிக்கல்.

பதினோரு மணிக்குத் தம்பி வீட்டிலிருந்து கொண்டுவந்த புளியோதரை டப்பா திறந்தது. வாசனைக்கு முதலில் திரும்பியவர் இயக்குநர். ஒரு வாய் போட்டவர், “இதுக்குள்ளே வேர்க்கடலையா?” என்று கண்ணை விரித்தார். கை துடைத்துக்கொண்டு, எனக்குப் பதில் விருந்தாக ஒரு படத்தைத் திரையில் போட்டார். இந்த மலையில் எடுத்து, 2007-இல் வெளியான திருவோணத்தின் படம். சூரியனைப் போன்ற ஒரு சாதாரண நட்சத்திரத்தின் மேனியை முதன்முதலாகக் காட்டிய படம். உருண்டை இல்லை! நடுவில் பருத்து, மேலும் கீழும் சப்பி, பூசணிக்காய்போல் இருக்கிறது. நம் சூரியன் ஒருமுறை சுழல இருபத்தைந்து நாள் ஆகும். திருவோணம் பத்து மணி நேரத்துக்குள் சுழன்றுவிடுகிறது. அந்த வேகத்தில் இடுப்பு பெருத்துவிட்டது. இடுப்பு மையத்தைவிட்டு விலகி நிற்பதால் அங்கே வெப்பமும் ஒளியும் குறைவு, துருவங்கள்தான் பளபளப்பு. மகம் நட்சத்திரமும் இப்படித்தான் சப்பியிருக்கிறது என்று 2005-இல் கண்டுபிடித்ததும் இங்கேதான். “எங்க பாட்டிக்கு மகம்” என்றேன். பாட்டியும் வேகமானவர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன், உண்மை அதுதான்.

புளியோதரைக்கு நடுவில் என் பங்குக்கு நானும் ஒரு கதை சொன்னேன். பீஸ் பிறகு கட்டிய 50 அடிக் கருவி எதிர்பார்த்த அளவுக்கு ஒத்துழைக்கவில்லை; அளவெடுக்கும் கலை பல ஆண்டுகள் ஓய்ந்துகிடந்தது. அதை எழுப்பியவர் ராபர்ட் ஹான்பரி பிரவுன். பிறந்தது 1916-இல், நீலகிரி அருவங்காட்டில். ஒளியலைகளைச் சேர்க்கவே வேண்டாம், இரண்டு கண்ணாடிகளில் விழும் ஒளியின் ஏற்ற இறக்கத்தை மின்குறிப்பாக்கி ஒப்பிட்டால் போதும் என்றார். இயற்பியல் அறிஞர்கள் பலர் நடக்காது என்று வாதாடினார்கள். அவரும் ரிச்சர்ட் ட்விஸும் தேடுவிளக்குக் கண்ணாடிகளை வைத்து சிரியஸை அளந்து காட்டினார்கள். பிறகு ஆஸ்திரேலியாவின் நாராப்ரையில், 188 மீட்டர் விட்ட வட்டத் தண்டவாளத்தில் இரண்டு பெரிய ஒளித்தட்டுகளை ஓடவிட்டு, 32 நட்சத்திரங்களை அளந்தார்கள். அவற்றில் நம் சித்திரையும் ஒன்று. “தண்டவாளம் எங்க கண்டுபிடிப்புன்னு நினைச்சேன்” என்று இயக்குநர் கண்சிமிட்டினார்.

இரண்டு மணிக்கு வெளியே வந்தேன். குளிர் காதைக் கடித்தது. கீழே லாஸ் ஏஞ்சலஸ் கொட்டிக்கிடந்த நெல்மணிபோல் மின்னியது. கிழக்கு முகட்டுக்கு மேலே ஓரையன் விண்மீன் கூட்டம் எழுந்து நின்றது. அதன் தோளில் செம்மையாகத் திருவாதிரை. லேசருக்கு வித்திட்டு நோபல் பரிசு பெற்ற சார்லஸ் டவுன்ஸ், லாரிப் பெட்டிகளுக்குள் பொருத்திய தொலைநோக்கிகளோடு இதே மலையில் பல ஆண்டுகள் இதை அளந்தார். 15 ஆண்டுகளில் 15 விழுக்காடு சுருங்கியிருக்கிறது என்று 2009-இல் அவர் குழு அறிவித்தபோது அவருக்கு வயது 93. சாராவின் நீண்ட இடைவெளிக்கோ இது மிகப் பெரிய உருவம். 331 மீட்டர் தள்ளி நிற்கிற இரண்டு கண்களுக்குத் திருவாதிரை அளவுக்கு மீறிய விருந்து. வரி எப்போதோ கரைந்திருக்கும்.

வருகிற மார்கழியில் இரவு எட்டு மணிக்குமேல் மொட்டை மாடிக்குப் போய்க் கிழக்கே பாருங்கள். சாய்ந்த மூன்று நட்சத்திர வரிசைக்கு இடப்பக்கம், சிவந்து தெரிவது திருவாதிரை. வேலூர் மதில்மேல் வைத்த பத்து ரூபாய் நாணயத்தை நினைத்துக்கொண்டு பாருங்கள். பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.